கேபின் போட்டேன், கழற்றினேன், மறுபடியும் போட்டேன்!

‘பழைய டிராக்டருக்கு கேபின் போடலாமா, எவ்வளவு செலவாகும்?’ எங்கள் வட்டாரத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் இதே கேள்வியைப் பார்த்தேன். ‘போடலாம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால், நான் செய்த தப்பை நீங்களும் செய்வீர்கள். ‘வேண்டாம்’ என்றால், புழுதியைத் தின்றே நுரையீரலைக் கெடுத்துக்கொள்வீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இருமலில் ஆரம்பித்தது

பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் கரிசல். மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி. 2006-ம் வருஷம் வாங்கிய 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. சொந்த நிலத்து வேலை போக, மீதி நாளெல்லாம் வாடகை ஓட்டுதான். கோடையில் புழுதி உழவு, ஆவணி, புரட்டாசியில் விதைப்பு உழவு, தை, மாசியில் மக்காச்சோளக் கதிரடிப்பு. வண்டிக்கு டிரைவர் வைக்கவில்லை. நான்தான் ஓட்டுகிறேன்.

காய்ந்த கரிசலில் ரொட்டவேட்டர் விட்டால் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்று எதிரே அடித்தால் தூசி பின்னால் போய்விடும். காற்று பின்னாலிருந்து அடித்தால் நாம் கிளப்பிய புழுதி நம்மோடு கூடவே வரும். கதிரடிப்பு அதைவிட மோசம். மண் தூசியாவது கண்ணுக்குத் தெரியும். சோளச் சுணை கண்ணுக்குத் தெரியாமல் மூக்கில், கழுத்தில், காதோரத்தில் ஏறும். தலையில் ஒரு துண்டு, மூக்கில் ஒரு துண்டு, இவ்வளவுதான் எனக்குப் பாதுகாப்பு. துண்டு பெரிய தூசியைத்தான் நிறுத்தும், நெஞ்சுக்குள் இறங்குகிற நுண் தூசியை நிறுத்தாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பீடி, சிகரெட் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் ஐம்பது வயதில் காலையில் எழுந்தால் கால் மணி நேரம் இருமல். மச்சுப்படி ஏறினால் மூச்சு வாங்கும். திருச்சியில் ஒரு டாக்டரிடம் போனேன். குழாயில் மூச்சை வேகமாக ஊதச் சொல்லி ஒரு பரிசோதனை செய்தார். காகிதத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தொழில்?” என்றார். சொன்னேன். “இருக்கிற நுரையீரலைக் காப்பாத்திக்கலாம். போனது திரும்பி வராது. ஒண்ணு தூசியை விடுங்க. இல்லேன்னா டிராக்டரை விடுங்க” என்றார்.

டிராக்டரை விட்டால் பையனின் படிப்புச் செலவுக்கு வழியில்லை. தூசியை விட என்ன வழி என்று யோசித்தபோது, வயலுக்கு வரும் அறுவடை இயந்திரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஓட்டும் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அதுபோல ஒன்றை நம் வண்டிக்கும் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

தகரக் கூடு

பக்கத்து டவுனில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கேட்டேன். டிராக்டர் கேபின் அவர்கள் செய்ததில்லை. “லாரிக்கே கட்டுறோம், இதுக்கென்னண்ணே” என்றார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் சட்டம், மேலேயும் பக்கவாட்டிலும் தகரம், ஜன்னலுக்கு அக்ரிலிக் ஷீட், இடது பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் தள்ளித் திறக்கும் சின்ன ஜன்னல். மொத்தத்தையும் இரண்டு மட்கார்டுகளின் மேல் போல்ட் போட்டு நிறுத்தினார்கள். 58,000 ரூபாய் ஆனது.

முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது. ராத்திரி இருமல் பாதியாகக் குறைந்தது. ஊரில் நாலு பேர் வந்து கூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் சூடு. டிராக்டரின் ரேடியேட்டர் ஃபேன், முன்னாலிருந்து காற்றை இழுத்து இன்ஜின் மேல் தள்ளுகிறது. அந்தச் சூடான காற்று நேராக டிரைவர் பக்கம்தான் வரும். திறந்த வண்டியில் அது கலைந்து போய்விடும். மூடிய கேபினில் கிளட்ச், பிரேக் பெடல் வரும் ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறி அங்கேயே நிற்கும். காலுக்குக் கீழே கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில் சூடு வேறு. மேலே தகரம். பங்குனி வெயிலில் பத்து மணிக்கே உள்ளே உட்கார முடியவில்லை.

அடுத்தது சத்தம். கேபினுக்குள் சத்தம் குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது, நொடிக்குச் சுமார் 67 தடவை டீசல் வெடிக்கிறது. அந்த அதிர்வு மட்கார்டு வழியாகச் சட்டத்துக்கும், சட்டம் வழியாகத் தகரத்துக்கும் ஏறும். உள் மெத்தையோ ரப்பர் புஷ்ஷோ இல்லாத தட்டைத் தகரம் பறை மாதிரி அதிரும். நமக்கு அந்தப் பறைக்குள் இருக்கை! கேபின் இல்லாத பழைய டிராக்டரிலேயே வேலை நேரத்தில் டிரைவர் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்கிறது மருத்துவக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு மணி நேரம். நான் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி படுத்தால் காதில் சில்வண்டு கத்தும்.

மூன்றாவது, தலைவலி. மத்தியானத்துக்கு மேல் தலை கனத்து ஒரு தூக்கக் கலக்கம் வரும். வெயில் என்று விட்டுவிட்டேன். மெக்கானிக் ஒருநாள் பானெட்டைத் திறந்து, சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஊதியிருப்பதைக் காட்டினார். சுற்றிலும் கரி பிடித்திருந்தது. திறந்த வண்டியில் அது வெறும் சத்தக் கோளாறு. மூடிய கேபினில் அது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இன்னும் கொஞ்சம் கசிந்திருந்தால் ஓட்டிக்கொண்டே மயங்கியிருப்பேன்.

நான்காவது, மட்கார்டு விரிசல். டிரைவர் மேல் சேறும் டயரும் படாமல் தடுக்க வைத்த தகடு அது. அதன் மேல் 155 கிலோவை ஏற்றி வரப்பு மேல் ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்? மூன்றாவது மாதத்தில் இரண்டு பக்கமும் போல்ட் ஓட்டையிலிருந்து கீறல் விட்டது. வெல்டு வைத்தோம். வெல்டுக்குப் பக்கத்தில் விட்டது.

அக்ரிலிக் ஷீட்டைக் காய்ந்த துணியால் தினமும் தூசி துடைத்ததில் கீறல் விழுந்து மங்கிப்போனது. எதிர் வெயிலில் முன்னால் ஒன்றும் தெரியாது. பின்ஜன்னல் இன்னும் மோசம். இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். இருமல் குறைந்ததே, அது போதும் என்று இருந்தேன்.

அந்தக் காலை

ஆவணி மாதம். விதைப்பு உழவு அவசரம். காலை ஆறு மணிக்கு ரொட்டவேட்டரை மாட்ட வேண்டும். உதவிக்கு வரும் பையன் வரத் தாமதமானது. “நான் மாட்டித் தரேங்க, நீங்க பின்னால வாங்க” என்று என் மனைவி வந்தாள். இருபது வருஷமாக அவள் செய்கிற வேலைதான். நான் வண்டியைப் பின்னால் எடுப்பேன். அவள் பக்கவாட்டில் நின்று, “வாங்க, வாங்க, போதும்” என்பாள். நிறுத்துவேன். அவள் கீழ் லிங்க்கைத் தூக்கி ரொட்டவேட்டர் கொண்டியில் மாட்டிப் பின் போடுவாள். பழைய வண்டியில் அவள் குரல் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

அன்று கதவை மூடியிருந்தேன். கண்ணாடியில் பனியும் தூசியும். அவள் “போதும்” என்று சொன்னதும் நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். அவள் கையை வைத்தாள். நான் இன்னும் கொஞ்சம் வரவேண்டும் என்று நினைத்து கிளட்ச்சை விட்டேன். நான்கு விரற்கடைதான் வண்டி நகர்ந்திருக்கும். அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. ஓடிவந்த பையன் தகரத்தில் கம்பால் அடித்ததுதான் கேட்டது.

வலது கை நடுவிரலும் மோதிர விரலும் லிங்க்குக்கும் கொண்டிக்கும் நடுவில் சிக்கியிருந்தன. இரண்டிலும் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. மோதிர விரல் நுனி இன்றைக்கும் முழுதாக மடங்காது. அவள் பருத்தி எடுக்கிற கை அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலமே பட்டறைக்காரரை வரவழைத்து, கூட்டை மொத்தமாகக் கழற்றினேன். பழைய இரும்புக் கடையில் 4,960 ரூபாய் கொடுத்தார்கள். மறுபடியும் துண்டைக் கட்டிக்கொண்டு புழுதிக்குள் போனேன். ஒரு மாதத்தில் பழைய இருமல் வந்துவிட்டது.

ஒரு ராத்திரி இருமி ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்ட கையோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “என் விரல் போச்சுன்னு உங்க நெஞ்சையும் போக்கிக்கப் போறீங்களா? கூண்டு தப்பில்லீங்க. அது செஞ்ச விதம் தப்பு. யாரையாச்சும் தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்யுங்க.”

ஐந்து கேள்விகள்

வேளாண் பொறியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்குத் தூரத்து உறவு. அவரிடம் போனேன். கேபினின் போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மாப்ள, உங்க வயல்ல கெணறு இருக்கா?”

இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு.

“வண்டி இடது பக்கம் கவுந்தா, ஒரே கதவு அடியில போயிடும். எந்த வழியா வெளிய வருவீங்க?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே தொடர்ந்தார். கேபின் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தூசியை நிறுத்துவது ஒன்று. கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவது இன்னொன்று. சத்தத்தையும் சூட்டையும் வெளியே வைப்பது மூன்றாவது. வெளியே நிற்கிறவர்களைப் பார்க்கவும் கேட்கவும் விடுவது நான்காவது. ஆபத்து நேரத்தில் ஆளை வெளியே விடுவது ஐந்தாவது. “உங்க கூண்டு ஒண்ணைச் செஞ்சுது, மத்த நாலையும் கெடுத்துது” என்றார்.

அவர் அதிகம் பேசியது கவிழ்வதைப் பற்றித்தான். சங்கிலியை டாப் லிங்க்கிலோ அச்சிலோ உயரமாகக் கட்டி மரத்தூரை இழுத்தால், முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். முன்சக்கரம் தூக்க ஆரம்பித்து முக்கால் நொடிக்குள் தப்ப முடியாத நிலைக்குப் போய்விடும். அதற்குள் மூளைக்கு விஷயம் எட்டி, கால் கிளட்ச்சுக்குப் போகாது. வாய்க்கால் கரையில் பக்கவாட்டில் சாய்வதும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது ரோல் பார் என்கிற உருள் தடுப்புச் சட்டம். ஸ்வீடன் நாட்டில் 1959-ம் ஆண்டிலேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் படிப்படியாகக் குறைந்துபோனார்கள். நம் நாட்டிலும் அதைச் சோதிக்க ஐ.எஸ். 11821 என்று தரநிலை இருக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் இருக்கிறது.

“ஒரு இஞ்ச் டியூப் சட்டம், ரெண்டு டன் வண்டி மேல உருண்டா தீப்பெட்டி மாதிரி மடங்கிடும். அதுமட்டுமில்ல, 155 கிலோவை உச்சில தூக்கி வச்சதால, முன்னைவிடச் சீக்கிரம் கவுழுற மாதிரி நீங்களே செஞ்சு வச்சிருந்தீங்க” என்றார்.

இரண்டாவது தடவை

இந்த முறை நான் வரிசையை மாற்றினேன். முதலில் உயிர், பிறகு கண்ணும் காதும், கடைசியில் தூசி.

ரோல் பாரை எந்தப் பட்டறையிலும் செய்யக் கூடாது என்று உறவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எந்த இரும்பு, எவ்வளவு கனம், எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்பதெல்லாம் அந்தந்த மாடலின் எடைக்குத் தகுந்தபடி சோதித்து முடிவு செய்வது. டீலரிடம் என் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த மாடலுக்கென்றே சோதித்த நான்கு கால் ரோல் பாரை வரவழைத்தேன். வர இரண்டு மாதம் ஆனது. அது மட்கார்டில் உட்காரவில்லை, பின் அச்சின் ஹவுசிங்கில் கம்பெனி கொடுத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தது. ஹவுசிங் வார்ப்பிரும்பு. அதில் புதிதாக ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ கூடாது. போல்ட்டும் அவர்கள் கொடுத்ததுதான். அதோடு ஒரு சீட் பெல்ட். ரோல் பார் இருந்தால் பெல்ட் கட்டாயம். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடவே கூடாது, வண்டிக்கு அடியில் நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

பிறகு மேல்கூரை. தகரம் வேண்டாம் என்று ஃபைபர் டாப் போட்டு, உள்பக்கம் ஒட்டும் நுரை ஷீட் ஒட்டினேன். அதை ரோல் பாரில் கிளாம்ப் வைத்துப் பிடித்தோம். ரோல் பாரிலும் ஓட்டை, வெல்டு இரண்டுமே கூடாது. சோதித்த பலம் அதோடு போய்விடும். முன்னால் லாரிக்குப் போடும் லேமினேட்டட் கண்ணாடி, உடைந்தாலும் சிதறாது. கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் பக்கத்தில் இருந்த ஓட்டைகளையெல்லாம் ரப்பர் பூட் போட்டு அடைத்தோம். சைலன்சர் கேஸ்கெட்டை மாற்றிய பிறகுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

பக்கவாட்டுக்கும் பின்னாலும் கதவே வைக்கவில்லை. ஆட்டோவுக்கு மழைப் படுதா தைக்கிறவரிடம் போய், தடித்த தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டும் தார்ப்பாயும் சேர்த்து மூன்று பக்கமும் சுருட்டிக் கட்டும் படுதா தைத்து வாங்கினேன். பின்பக்கப் படுதா நடுவில் முழுக்கத் தெளிவான ஷீட். அவசரத்துக்கு எந்தப் பக்கமும் கையால் தள்ளினால் திறந்துவிடும். வெல்க்ரோவில்தான் பிடித்திருக்கிறது.

தூசிக்கு வைத்தியம் ஒரு பிளோயர். பழைய வேனின் 12 வோல்ட் பிளோயரை டாப்பின் முன் மூலையில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக வைத்து, அதன் வாயில் காருக்குப் போடும் பேப்பர் ஏர் ஃபில்டரைப் பொருத்தினோம். அது வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால், படுதா இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. இடுக்கையெல்லாம் அடைத்துத் தூசியை நிறுத்தப் பார்ப்பதைவிட, நல்ல காற்றை உள்ளே தள்ளி நிறுத்துவது சுலபம். முதல் கேபினில் இந்தச் சூட்சுமம் எனக்குத் தெரியாமல் போனது. பிளோயர் 10 ஆம்பியர் எடுக்கிறது. என் வண்டியின் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர். அதனால் தாங்குகிறது. தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்துத்தான் வயர் இழுத்தோம்.

செலவைக் கேட்பவர்களுக்காக: ரோல் பாரும் பெல்ட்டும் 42,000, டாப்பும் படுதாவும் 24,000, பிளோயர், ஃபில்டர், வயரிங் 9,500, கண்ணாடி 6,000. மொத்தம் 81,500 ரூபாய். முதல் தடவையே கேட்டுச் செய்திருந்தால் 53,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். விரலும் மிஞ்சியிருக்கும்.

இன்னும் ஒரு சாமான் சேர்த்தேன். அதற்கு 180 ரூபாய்தான் ஆனது. வலது பின் மட்கார்டில், தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் ஒரு ஹாரன் சுவிட்ச். பின்னால் நிற்கிறவர் அதை அமுக்கினால் கேபினுக்குள் என் தலைக்கு மேல் பஸ்ஸர் அடிக்கும். அது அடித்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த யோசனை என் மனைவியுடையது. வண்டி வந்த அன்று முதலில் அமுக்கிப் பார்த்தவளும் அவள்தான், இடது கையால்.

இப்போது எப்படி இருக்கிறது

நான்கு சீசன் ஓட்டிவிட்டேன். தூசி பெரும்பகுதி நின்றுவிட்டது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன், சீசனுக்கு இரண்டு மாற்றுகிறேன். தட்டும்போது கொட்டுகிற கரிசலைப் பார்த்தால், இவ்வளவும் இத்தனை வருஷமாக எங்கே போனது என்று வயிறு கலங்கும். போன வருஷம் டாக்டர் மறுபடியும் ஊதச் சொன்னார். முன்னேற்றம் இல்லை, ஆனால் மேலும் கெடவில்லை. அதுவே பெரிசு என்றார்.

சத்தம் முழுசாகக் குறையவில்லை. காதுக்கு அடைப்பான் போடுகிறேன். சூடு விஷயத்தில் வெயிலோடு சண்டை போட முடியாது. சித்திரை, வைகாசியில் காலை ஐந்திலிருந்து பத்து வரை, சாயங்காலம் நான்குக்கு மேல் என்று ஓட்டை மாற்றிக்கொண்டேன். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களும் பழகிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் ஷீட் வெயிலில் மஞ்சளாகிவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

கருவி மாட்டும்போது மட்டும் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். மூன்று படுதாவும் மேலே சுருட்டியாக வேண்டும். பின்னால் வந்து நிறுத்தியதும் கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணைப்பேன். அதற்குப் பிறகுதான் யாரும் லிங்க் பக்கம் கை வைக்கலாம். பி.டி.ஓ. ஷாஃப்ட் 540 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 9 தடவை சுற்றும். முந்தானையோ துண்டோ பட்டால் இழுக்க அது போதும். மறுபடி ஸ்டார்ட் செய்ய அரை நிமிடம் ஆகும். ஆகட்டும்.

அடிக்கடி என்னிடம் கேட்பவை

ஏ.சி. போடலாமா?
பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் இன்ஜினிலிருந்து மூன்று, நான்கு குதிரைத்திறன் எடுத்துக்கொள்ளும். பிளோயர், கண்டன்சர் ஃபேன், கிளட்ச் எல்லாம் சேர்த்தால் பழைய ஆல்டர்னேட்டருக்குப் பாரம். கேபின் முழுக்கச் சூட்டைத் தடுக்கும் மெத்தையோடு, இடுக்கில்லாமல் இருந்தால்தான் ஏ.சி.க்கு அர்த்தம் உண்டு. அவ்வளவு செலவு செய்ய முடிகிறவர்கள், கம்பெனியிலேயே கேபினோடு வரும் வண்டிக்கு மாறுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மருந்து அடிக்கும்போது கேபின் காப்பாற்றுமா?
என்னுடையது காப்பாற்றாது. பேப்பர் ஃபில்டர் மண் தூசிக்குத்தான். ஐரோப்பாவில் டிராக்டர் கேபின்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை எந்தப் பாதுகாப்பும் தராதது, இரண்டாவது தூசிக்கு, மூன்றாவது தூசியோடு மருந்துத் துளிக்கும் சேர்த்து, நான்காவது இவற்றோடு ஆவிக்கும். நாம் கட்டுவதெல்லாம் முதல் வகை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடிக்கும்போது கையுறை, மருந்துக்கான முகக்கவசம் எல்லாம் போட்டே ஆகவேண்டும்.

ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டுமா?
மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, என்ன செய்யப்போகிறோம் என்று படம் வரைந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அதைப் பற்றிப் பேசப்போனால் தகராறுதான்.

தென்னந்தோப்பு, மாந்தோப்பில் ஓட்ட முடியுமா?
கிளைகள் தாழ்வாக இருந்தால் இடிக்கும். மடக்கும் ரோல் பார் கிடைக்கிறது. ஆனால் மடக்கி வைத்திருக்கும் நேரத்தில் அது பாதுகாப்பு தராது. தோப்பை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்ட மறக்கக் கூடாது.

இவ்வளவு பணம் இல்லை. என்ன செய்ய?
துண்டை விட்டுவிட்டு என்-95 முகக்கவசம் வாங்குங்கள். மூக்கோரம் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். காதுக்கு அடைப்பான் போடுங்கள். ரொட்டவேட்டரின் பின் தகட்டைத் தாழ்த்தி ஓட்டுங்கள், புழுதி கிளம்புவது குறையும். காற்றுக்குக் குறுக்காகச் சால் போட்டால், தூசி கூடவே வராமல் பக்கவாட்டில் போய்விடும். கோடை மழை பெய்து மண்ணில் ஈரம் இருக்கும் நாளைத் தவறவிடாமல் உழுதுவிடுங்கள். கையில் பணம் சேரும்போது முதலில் ரோல் பாரை வாங்குங்கள். கண்ணாடியும் படுதாவும் அதற்குப் பிறகு வரட்டும்.

பட்டறைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் டிராக்டருக்குப் பின்னால் வழக்கமாக யார் வந்து நிற்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கேபினைப் போட்டு முடித்ததும் உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, அவரைப் பின்னால் நின்று கூப்பிடச் சொல்லுங்கள். அவர் குரல் கேட்கவில்லை என்றால், கேட்க வழி செய்யாமல் அந்த வண்டியை வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.